சிதாஷ் என்ற பெயர் வந்த வழி

எங்கள் பிவ்கொராய் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அது ஒரு சிதாஷ் தலையில்தான் விழும். சிதாஷ் என்றால் சல்லடைக்காரர். குதிரைவால் முடியில் சல்லடை நெய்து, மாவு சலிக்கிற வீடு எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் வண்டியில் கொண்டுபோய் விற்றவர்கள். இன்று எல்லோரும் அந்தப் பெயரோடே பிறந்ததுபோல் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். எங்கள் கிளை மட்டும் அதைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. வாங்கியவள் அப்போலோனியா.

நாட்டுக்கு ராஜா இருந்த காலம். அவள் புருஷன் பியேதா என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு கூலியாள். பியேதா என்றால் தரித்திரம். பெயருக்குக் குறை வைக்காமல் வாழ்ந்து, ஓர் இலையுதிர்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு மிஞ்சியது இரண்டு பிள்ளைகள், ஒரு கிழக்குதிரை, ஒரு வண்டி, சல்லடைக்காரர் வீடுகளில் கூலிக்கு நெய்து பழகிய விரல்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தனக்கென்று நெய்தாள். ஈஸ்டர் முடிந்து சல்லடைக்காரர் வண்டிகள் கூட்டமாகப் புறப்படுகிற சமயம், கூட்டத்தின் தலைவர் ஒனுஃப்ரியிடம் போய் நின்றாள்.

“பெரியவரே, லென்ச்னா சந்தைக்கு என் வண்டியும் வருது.”

“எந்தப் பேர்ல விப்பே? தரித்திரம்னு கூவுவியா?”

“எல்லாரும் கூவுற பேர்லதான்.”

ஒனுஃப்ரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காரணம் இருந்தது. சல்லடைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தச் சிதாஷ் விற்ற சல்லடை கிழிந்தாலும், அந்தப் பக்கம் வருகிற எந்தச் சிதாஷும் மறு பேச்சில்லாமல் மாற்றித் தர வேண்டும். முகம் தெரியாத ஊரில் சரக்கு விலைபோனது அதனால்தான். பெயரே ஜாமீன்.

“உன் சல்லடை கிழிஞ்சா நான் அழணும்,” என்றார். “வர்றவ போறவளுக்கெல்லாம் தூக்கிக் குடுக்க இதென்ன கல்யாண வீட்டு ரொட்டியா? சரக்கை எனக்குப் பாதி விலைக்குத் தள்ளிட்டு வீட்டுக்குப் போம்மா.”

“நீங்க விக்கிறதுல பாதி நான் நெய்ததுதானே?”

“அது என் கூரைக்குக் கீழே நெய்தது.”

“அந்தக் கூரை ஒழுகுது. நனைஞ்சவ சொல்றேன்.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ராஜபாட்டையைச் சாத்த முடியாதே. பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கல்லெறி தூரத்தில் கூட்டத்தின் பின்னாலேயே போனாள்.

“தரித்திரம் விடாம பின்னாடியே வருதுடா!” என்று முன் வண்டிகளிலிருந்து கேலி பறந்தது.

“முன்னாடி போறதைப் பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன்!” என்று பதில் போனது.

வியெப்ஷ் ஆற்றில் பனி உருகிய வெள்ளம். பிந்திப் போனால் சந்தையில் நல்ல இடம் போய்விடும் என்று ஒனுஃப்ரி வண்டிகளை இறக்கினார். இரண்டு கவிழ்ந்தன. ஆட்கள் கரையேறினார்கள், சரக்கு ஊறி, சல்லடை வளையங்கள் பிரிந்துபோயின. அப்போலோனியா தண்ணீர் வடியும்வரை காத்திருந்து, சந்தை சூடு பிடித்த நாளில் போய்ச் சேர்ந்தாள்.

அன்றுதான் பெரிய பண்ணை ஒன்றின் காரியஸ்தர் வந்திருந்தார். மாவு ஆலைகளுக்கும் மது வடிக்கிற கூடத்துக்கும் மொத்தமாகச் சல்லடை வேண்டும்.

“முழுசும் ஒரே பேர்ல இருக்கணும்,” என்றார். “கிழிஞ்சா ஒரு கழுத்தைப் பிடிப்பேன். ஊர் ஊரா கழுத்து தேட மாட்டேன்.”

ஒனுஃப்ரி தன் வண்டிகளில் இருந்த சரக்கை இரண்டு முறை எண்ணினார். ஆற்றில் போனது எண்ணினால் வருமா? அப்போலோனியாவின் வண்டியருகே வந்து தொண்டையைக் கனைத்தார்.

“தங்கச்சி…”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் தரித்திரம், இந்தப் பக்கம் தங்கச்சியா?”

“முழு விலை தர்றேன்.”

“விலை அப்புறம். காரியஸ்தர் முன்னாடி, நம்ம ஆளுங்க முன்னாடி, நான் யாருன்னு சொல்லுங்க. எனக்கும் என் பிள்ளைங்களுக்கும் சேர்த்து.”

“ரெட்டை விலை. பேரை விட்டுடு.”

“ரெட்டை விலையைத் தின்னு தீர்த்துட்டு, அடுத்த ஈஸ்டருக்கு மறுபடி உங்க கதவைத் தட்டவா?”

ஒனுஃப்ரி ஒரு சல்லடையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கட்டை விரலால் அழுத்தினார். இன்னொன்றை எடுத்தார். குற்றம் கிடைத்தால் தப்பிக்கலாம் என்று தேடிய தேடல் அது. கிடைக்கவில்லை. அங்கே காரியஸ்தர் குதிரையில் ஏறப்போனார்.

“ஐயா, நில்லுங்க!” என்று கத்தினார் ஒனுஃப்ரி. “இவ எங்க அப்போலோனியா. சிதாஷ். இவ பிள்ளைங்களும் சிதாஷ். இவ சரக்குக்கு என் கழுத்து.”

வாங்குகிறவர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்கக் கூடாது. சந்தைக்கே கேட்டுவிட்டது.

“இப்போ விலை பேசலாம், அண்ணே,” என்றாள் அவள். நன்றிக்காகக் கால் காசுகூடக் குறைக்கவில்லை.

சரக்கு முழுவதும் பண்ணை வண்டிகளில் ஏறிய பிறகு, உள்ளூர் ரொட்டிக்காரன் மனைவி கிழிந்த சல்லடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வளையத்தின் கட்டைப் பார்த்தாலே தெரியும், ஒனுஃப்ரி வீட்டு வேலை. அவர் வண்டிகளில் ஒன்றும் மிச்சமில்லை. அப்போலோனியாவிடம் வழியில் தன் மாவைச் சலிக்க வைத்திருந்தது ஒன்று இருந்தது. சுற்றி நின்ற சிதாஷ்கள் அவளையே பார்த்தார்கள்.

“இதை வித்தது நீதானா?” என்றாள் ரொட்டிக்காரி.

“நாங்க வித்தது,” என்று அப்போலோனியா தன் சல்லடையை வண்டியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் புறப்படும்போது ஒனுஃப்ரி தன் வண்டியை ஒதுக்கி, கூட்டத்தின் நடுவே அவளுக்கு இடம் விட்டார். அந்தக் கிழக்குதிரையின் வேகத்தில்தான் அத்தனை சிதாஷ்களும் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.