லெய்லோவா என்றொரு சொல்

பள்ளிகளுக்காக நான் சமோவ மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்த பழைய கடற்கதையில் 'லாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. வழி தவறினாலும் அதே சொல், கத்தி தொலைந்தாலும் அதே சொல், கப்பலோடு ஆட்கள் மூழ்கி இறந்தாலும் அதே சொல்தான். எல்லா இடத்திலும் 'லெய்லோவா' என்றே எழுதியிருந்தேன். எங்கள் பேச்சில் காணாமல் போனதை அப்படித்தான் சொல்வோம்; அதன் அடிப்பொருள் 'தெரியவில்லை'.

பிழை பார்க்க வந்த தலோசாகா டீச்சர் தாளைத் தட்டினாள்.

"என்ன லுவீசா இது? மாலுமிங்க எல்லாரும் லெய்லோவாவாம்! அடுத்த அத்தியாயத்துல நீந்தி வருவாங்கன்னு பிள்ளைங்க காத்துட்டு உக்காந்திருக்கும்டீ."

சிரித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். என் கணவன் ஃபிலெமோனி சூரை மீன் பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. தேடப் போன விமானமும் தேடுவதை விட்டுவிட்டது.

"நான் அத நினைச்சு சொல்லல..."

"தெரியும். திருத்திடறேன்."

காட்டில் வழி தவறும் இடத்தில் சொல்லை அப்படியே விட்டேன். கத்தியையும் விட்டேன். புயல் அத்தியாயத்தில் அடித்துவிட்டு 'இறந்தார்கள்' என்று எழுதினேன். பேனா தடையில்லாமல் ஓடியது. உள்ளே ஏதாவது அசையும் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

மாலையில் ஃபிலெமோனியின் தம்பி எனெலிகோ நனைந்துகொண்டே வந்தான்.

"அண்ணி, போதகர் கேட்டு அனுப்பியிருக்கார். நாளைக்கு ஜெபத்துல அண்ணன் பேரை எதுல சேக்கறதுன்னு. காணாமப் போனவங்களோடயா, இல்ல..."

"அத்தை என்ன சொல்றாங்க?"

"அம்மா வாயே திறக்கல. அண்ணன் இல்லேன்னு நான் சொன்னா அடிப்பாங்க."

"நீ என்ன நினைக்கிற?"

"அவன் சரியான சோம்பேறி அண்ணி. ஏதோ தீவுல எவன் வீட்டுச் சோத்தையோ தின்னுட்டுப் படுத்திருக்கான்னு தினமும் திட்டிட்டிருக்கேன்." தலையைத் திருப்பிக்கொண்டான்.

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"இறந்துட்டார்னு படிக்கச் சொல்லு."

"லெய்லோவான்னே இருக்கட்டுமே அண்ணி. அது பொய்யில்லையே."

"பொய்யில்ல. ஆனா அப்படிப் படிச்சா நான் கடலப் பாத்துட்டே உக்காந்திருக்கணும்."

அவன் தலையசைத்தான். என்னிடமிருந்து அழுகையை எதிர்பார்த்தானோ என்னவோ, நின்றுகொண்டே இருந்தான். சாவு என்று அறிவித்துவிட்டால் உறவுக்காரர்கள் எங்கள் வழக்கப்படி சாவுச் சீராக, நுணுக்கமாக முடைந்த பெரிய பாய்களை விரித்துத் தூக்கியபடி வருவார்கள். முன்னறையில் இடம் போதாது. மேசையின் ஒரு முனையைப் பிடித்தேன். அவன் மறுமுனையைப் பிடித்தான்.