கூட யாரு வந்திருக்காங்க?

அந்தப் பெரிய ஹோட்டலின் துணி அறையில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைக் குழல்விளக்கின் கீழே விரித்து, கறை இருந்தால் தள்ளி, இல்லாவிட்டால் மடித்து அடுக்குவது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மற்றவர்கள் சுத்தம் என்று சத்தியம் செய்யும் விரிப்பில் ஒரு கடுகளவு கறையைச் சுட்டிக் காட்டி, "இது என்ன, உங்க மாமனாரா?" என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு வாரமாக நல்ல விரிப்புகளை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் நூல் போல ஒன்று. விரலால் சுரண்டினால் நகர்ந்துவிடும். சலவைக்காரர் கடைசியில் ஒரு விரிப்பைத் தூக்கிக்கொண்டு நேராகவே வந்துவிட்டார்.

"ஏம்மா பூதக்கண்ணாடி, இத மூணு தடவ வெளுத்தாச்சு. எங்க கறை? காட்டு பாப்போம்."

அவள் காட்டப் போனாள். புள்ளி விரிப்பை விட்டு இறங்கி அவருடைய சட்டைக்குப் போயிற்று. அங்கிருந்து சுவருக்கு. அவள் கண்ணை எங்கே திருப்பினாலும் அதுவும் கூடவே வந்தது. விரிப்பை வாங்கி மடித்து நல்ல அடுக்கிலேயே வைத்தாள்.

அவளுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை கொடுக்கும் டாக்டர் ஒவ்வொரு தடவையும், "கண்ணக் காட்டிட்டீங்களா? வருஷத்துக்கு ஒரு தடவ காட்டணும்" என்பார். அவளும் "காட்டணும் டாக்டர்" என்பாள். கண்தான் நன்றாகத் தெரிகிறதே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் சப்பைக்கட்டு அவளிடமும் இருந்தது. ஆனால் அது வெளிக் காரணம். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுவார்கள், பல மணி நேரம் எல்லாம் மங்கலாக இருக்கும், அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் வரக்கூடாது என்பார்கள். அவளுக்கு யார் இருக்கிறார்கள் துணைக்கு? கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருந்தது. இப்போதெல்லாம் லீவு நாளில் பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போனால்தான் அன்றைக்கு முதல் வார்த்தையே பேசுவாள். தொண்டை கட்டினது போல வரும்.

ஒரு தம்பி இருக்கிறான். இதே ஊரில்தான் இருக்கிறான், வயரிங் வேலை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் அவனும் தனிக்கட்டைதான். ஆனால் அம்மாவின் காரியத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

சண்டையும் கண்ணால் வந்ததுதான். அம்மாவுக்கும் சர்க்கரை. கண் பார்க்கப் போக வேண்டிய நாளில் அம்மா அவளிடம், "நீ லீவு போடாதடி. தம்பி கூட்டிட்டுப் போறான்" என்றாள். சாயங்காலம், "போய்ட்டு வந்தாச்சு. ஒண்ணுமில்லையாம்" என்றாள். மறு வருஷமும் அதே கதை. அதற்கப்புறம் ஒரு நாள் அம்மா எதிரில் நின்ற மகளைப் பார்த்து, "யாரு அங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், இந்த அம்மா இதற்குமுன் இங்கே வந்ததே இல்லையே என்றார்கள்.

அவள் தம்பியைப் பிடித்து உலுக்கினாள். அவனோ, "நீ கூட்டிட்டுப் போனதாத்தான் அம்மா எங்கிட்ட சொன்னாங்க" என்று அவள் மேலேயே திருப்பினான். அந்தச் சண்டையில் இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அம்மா பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் பொய் சொல்வது யார்? நீதான், நீதான் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

இப்போது புள்ளி கண்ணில் நிற்கிறபோது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள் நர்ஸ், தலையை நிமிர்த்தாமல்.

"தம்பி. வண்டிய நிறுத்திட்டு வரான்." வாய் கூசாமல் வந்தது. வேறு யார் பெயரையும் சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

மருந்து எரிந்தது. கண்ணை மூடிச் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ யாருக்கோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கும் சத்தம். எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு துணை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

இரண்டு நாற்காலி தள்ளி யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸின் செருப்புச் சத்தம் அங்கே நின்றது.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"அக்கா வந்திருக்காங்க சிஸ்டர். கீழ மருந்துக் கடையில நிக்கிறாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்டவள் அவள். இவனுக்கு எத்தனை அக்கா? ஒரே அக்காதான், அந்த அக்காவோ இங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு கூசாமல் புளுகுகிறான் பார், அன்றைக்கும் இப்படித்தானே புளுகினான் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் இறங்கியும் போயிற்று. சற்றுமுன் அவள் மட்டும் என்ன சொன்னாள்?

துணைக்கு ஆள் இருக்கிறது என்று சொல்ல ஒருவனுக்கு எப்போது பொய் வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது. அம்மாவுக்கும் வேண்டியிருந்திருக்கிறது. மகளுக்கு லீவு நஷ்டம், மகனுக்கு வேலை நஷ்டம், யாருக்கும் தொந்தரவு வேண்டாம். அவளிடம் அவனைச் சொல்லி, அவனிடம் அவளைச் சொல்லி, வீட்டிலேயே இருந்துவிட்டாள் மகராசி.

அவனுக்கும் மருந்து விட்டு, அவனை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். போனவன் சீக்கிரமே திரும்பி வந்தான், பின்னாலேயே நர்ஸும் வந்தாள்.

"இவரோட அக்கா யாரு? இன்னிக்கே கண்ணுல ஊசி போடணும்னு டாக்டர் சொல்றாரு. கூட வந்தவங்ககிட்ட பேசாம போட மாட்டாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"பரவால்ல சிஸ்டர்," என்றான் அவன். "இன்னொரு நாள் வரேன்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வருஷக்கணக்காக அவளும் அதையே சொல்லித் தட்டிக் கழித்தவள். இவன் இந்த வாசற்படியைத் தாண்டினால் அந்த நாள் வராது. அவள் எழுந்தாள், எதிரில் இருந்த நாற்காலி தெரியாமல் முழங்காலில் இடித்துக்கொண்டாள்.

"நான்தான் அவன் அக்கா."

நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்கே மருந்து விட்டிருக்கேனேம்மா. உங்க தம்பி வண்டிய நிறுத்தப் போனாருன்னீங்க?"

"இவன்தான் அந்தத் தம்பி."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவள் குரல் வந்த பக்கம் முகத்தை முழுக்கத் திருப்பினான், இடது கண்ணை ஒதுக்கி, வலது கண்ணால் பார்க்கிறவன் போல.

டாக்டர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, இருவரின் கண்ணையும் பார்த்தார். அவளுக்கு ஒரு கண்ணில் சின்னதாக ரத்தம் கசிந்திருக்கிறது, அதுதான் அந்தப் புள்ளி. லேசர் வைத்தால் காப்பாற்றிவிடலாம். அவனுக்கு வலது கண்ணில் ஊசியை மாதம் தவறாமல் போட்டால் பார்வை நிற்கும்.

"இடது கண்ணு?" என்றாள் அவள்.

"நடுப்பகுதி போயிடுச்சும்மா. அது இனிமே வராது. கண்ணு தெரியுறப்பவே வரணும், சர்க்கரை இருக்கறவங்க. மங்கினப்புறம் வந்தா நாங்க இருக்கறதத்தான் காப்பாத்த முடியும். இவர் ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஊசி போட்டு, கட்டுப் போட்டு, அவனை வெளியே கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மங்கல் தெளியும்வரை இருவரும் வெளியே போகக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் எதிர்ச் சுவர் பாலாடை போலத் தெரிந்தது. அவள் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா நம்ம ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்காங்கடா. இப்பத்தான் எனக்கு உறைச்சுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"கடைசியில ஆஸ்பத்திரியில நான் கூட இருந்தப்ப சொன்னாங்க. உன்ன அனாவசியமாத் திட்டிட்டேன்னு அழுதேன்."

"ஏண்டா பாவி, அப்ப எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"அக்காகிட்டயும் சொல்லிட்டேன்டான்னு அம்மா சொன்னாங்க." அவன் கட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டான். "அதான், உனக்கும் எல்லாம் தெரியும்னு இருந்துட்டேன். தெரிஞ்சும் நீ கூப்பிடல. கூப்பிட மனசில்லன்னு நெனச்சேன்."

அம்மா அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நினைத்திருக்கலாம், முடியாமல் போயிருக்கலாம். அல்லது வழக்கம்போல இவனுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று அதையும் ஒரு பொய்யாகச் சொல்லியிருக்கலாம். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு அம்மா மேல் கோபம் வந்தது, தாங்க முடியாத கோபம். செத்துப்போனவளிடம் போய்ச் சண்டை போடவும் முடியாது.

"எங்கிட்ட சொல்லலடா," என்றாள்.

அவன் தலை அவள் பக்கம் திரும்பியது. கட்டுப் போட்டிருந்தது நல்ல கண், திறந்திருந்தது போன கண். அதை வைத்துக்கொண்டு அவள் முகத்தைத் தேடினான். அவள் அவன் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.