அடுத்த வருஷத்துக் கார்

"முதலாளி இருக்காரா?" என்று யாராவது கேட்டால், இர்மா கெஸ்லர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பட்டறைப் பக்கம் கையைக் காட்டுவாள். அங்கே ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

"அதோ இருக்காரு. அந்தக் காலுகிட்ட பேசணும்னா போய்ப் பேசுங்க. கார் வாங்கணும்னா என்கிட்ட பேசுங்க."

அவள் கணவன் லியோவுக்கு எஞ்சின்தான் பிடிக்கும். மனிதர்களோடு கால்மணி நேரம் பேசினால் அவனுக்குத் தலைவலி வந்துவிடும். ஆகவே, இரண்டாம் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் இருவரும் எல்க் ஃபோர்ட் ஊருக்கு ஆல்டன் கார் ஏஜென்சி எடுத்தபோது, அவன் பின்னாலும் அவள் முன்னாலும் என்று தானாகவே அமைந்துபோனது. தொடக்கத்தில் சில ஆண்கள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வேறு யாரையோ தேடினார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது.

ஆல்டன் மலிவான காரும் இல்லை, ஆடம்பரக் காரும் இல்லை. டெட்ராய்ட்டில் அதைச் செய்த கம்பெனியே அதற்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் செய்தது. கீழே இருப்பதை வாங்கிக் குடும்பம் தொடங்கியவன், கொஞ்சம் காலூன்றியதும் வந்து சேர்கிற இடம் ஆல்டன். மேலே உள்ளதை வாங்க வசதி இருந்தும், ஊர் வாய்க்குப் பயந்து ஆல்டனோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்துப் பால்பண்ணைக்காரர்கள் நடுவே அப்படிப் பயப்படுகிறவர்களுக்குக் குறைவில்லை.

இர்மாவின் திறமை ஒன்றே ஒன்றுதான். ஊரில் யார் ஒரு படி ஏறியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே புரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும். பல் டாக்டர் தன் அறையில் இரண்டாவது நாற்காலி போட்டபோது தெரிந்தது. சீஸ் ஃபேக்டரியில் மேஸ்திரியாக இருந்தவர் மேனேஜர் ஆன வாரம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் இன்னும் அந்தப் பழைய வண்டியிலயா வேலைக்குப் போறாரு?"

அவ்வளவுதான் கேட்டாள். புதன்கிழமை இருவரும் ஷோரூமில் நின்றார்கள்.

போர் முடிந்த பிறகு வந்தவை நல்ல வருஷங்கள். போரில் கார் உற்பத்தி நின்றதால் நாலு வருஷமாகப் புதுக் காரே பார்க்காத ஜனம், பேர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் புது மாடல் வரும். அது வந்து இறங்கியதும் இர்மா ஷோரூம் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவாள். திறப்பு நாள் சாயங்காலம் காபி, டோநட், மூலையில் அக்கார்டியன் வாசிக்கிற ஒருவர். காகிதத்தைக் கிழிக்கும்போது வெளியே நிற்கிற கூட்டம் ஒரு கணம் பேச்சை நிறுத்தும். அந்த ஒரு கணத்துக்காக அவள் வருஷம் முழுவதும் உழைப்பாள்.

"போன வருஷத்து வண்டியை இது பக்கத்துல நிறுத்திப் பாருங்க. தாத்தா மாதிரி இருக்கும்," என்பாள். எல்லா வருஷமும் அதையே சொன்னாள். எல்லா வருஷமும் அது பலித்தது. வாங்கியவர்களே இரண்டு வருஷத்தில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு வந்தார்கள். ஐம்பத்தைந்தில் ஆன விற்பனைக்குக் கம்பெனி ஒரு தங்க வாட்ச் அனுப்பியது. உள்ளே லியோவின் பெயர் பொறித்திருந்தது.

"நீயே கட்டிக்கோ," என்றான் லியோ. "பேரு உள்பக்கம்தானே இருக்கு. யாரு பாக்கப் போறாங்க?"

ஒரே ஒருவர் மட்டும் அவளிடம் மசியவில்லை. கன்னர் ஹாவ்லி என்ற பண்ணைக்காரர். ஊருக்கு வடக்கே நல்ல நிலம், கொழுத்த மாடுகள், கடன் கிடையாது. நாற்பத்தாறாம் வருஷத் திறப்பு விழாவுக்குத் தன் பழைய பிக்கப்பில் வந்தார். காரைச் சுற்றி வந்தார், உள்ளே உட்கார்ந்தார், ஸ்டீயரிங்கைத் தடவினார், எஞ்சினைத் திறந்து காட்டச் சொல்லி லியோவோடு ரொம்ப நேரம் பேசினார். அவரிடம் பேசியதில் லியோவுக்கே தலை வலிக்கவில்லை. கடைசியில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "நல்ல வண்டிம்மா. அடுத்த வருஷம் பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷமும் வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். ஒரு திறப்பு விழாவைக்கூடத் தவறவிடவில்லை. லியோ அவருக்கு 'அடுத்த வருஷம்' என்றே பேர் வைத்துவிட்டான்.

"டோநட் தின்னத்தான் வர்றாரு போல," என்பான்.

"டோநட் தின்ன வர்றவன் ஸ்டீயரிங்கை அப்படித் தடவ மாட்டான்," என்பாள் இர்மா.

ஒருமுறை அவள் ஒரு காரைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் அவர் பண்ணையில் விட்டுவிட்டு வந்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓட்டிப் பாருங்க, காசு ஒண்ணும் வேண்டாம்." திங்கட்கிழமை கார் திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, சீட்டில் ஒரு பாத்திரம் நிறையக் கெட்டி கிரீமோடு. அவர் மனைவி பெர்ட்டா ஓட்டிவந்திருந்தாள்.

"எனக்குக் கொள்ளை ஆசைதான்," என்றாள் பெர்ட்டா, இறங்க மனமில்லாமல். "அந்த மனுஷன் என்ன நினைக்கிறாருன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். என்கிட்டயும் சொல்றதில்லை."

ஐம்பத்தேழு வாக்கில் ஏதோ மாறத் தொடங்கியது. எங்கே என்று இர்மாவால் முதலில் சொல்ல முடியவில்லை. பேக்கரிக்காரர் ஷ்டாலுக்கு இரண்டாவது கடை திறந்தாயிற்று. அவர் ஆல்டனுக்கு வர வேண்டிய நேரம். வந்தார், பார்த்தார், மோவாயைச் சொறிந்தார்.

"என் மச்சான் மலிவு வண்டிதான் வாங்கியிருக்கான். ஆனா இதே நீளம் இருக்கு. இதே பளபளப்பு. ரேடியோகூட இருக்கு. நான் எதுக்கு இதுக்கு அதிகம் குடுக்கணும், இர்மா? நீயே சொல்லு."

இர்மா விலைப்பட்டியலை எடுத்தாள். பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

அதே மாதம் வங்கி மேனேஜரின் மகன் வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தான். மேலே உள்ள காரிலேயே இப்போது கொஞ்சம் விலை குறைந்த ஒன்று வந்திருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் அதையே வாங்கிவிடலாமே என்றான். கீழே இருந்தது மேலே ஏறிவந்தது. மேலே இருந்தது கீழே இறங்கிவந்தது. நடுவில் ஆல்டன் நிற்க இடமில்லாமல் நெருக்குண்டு நின்றது.

கம்பெனி அதற்குக் கண்டுபிடித்த மருந்து, வண்டியின் பின்புறம் மீன்துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வாலை இன்னும் உயர்த்துவது. ஐம்பத்தெட்டில் வால் இடுப்பு உயரம் வந்தது. கியர் மாற்றும் கம்பிக்குப் பதில் பொத்தான்கள் வந்தன. அந்தப் பொத்தான்கள் குளிரில் ஒட்டிக்கொண்டன. லியோ ஜனவரி முழுவதும் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் வருஷா வருஷம் மெலிந்தது. அக்கார்டியன்காரரை நிறுத்திவிட்டார்கள். கன்னர் மட்டும் வந்தார். உட்கார்ந்தார், தடவினார், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்.

அறுபதாம் வருஷம் அக்டோபரில் வழக்கம்போலப் புது மாடலைத் திறந்தார்கள். நவம்பர் கடைசியில் ஒரு காலை மில்வாக்கியிலிருந்து கம்பெனி ஆள் போன் செய்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். டெட்ராய்ட்டில் ஆல்டனை நிறுத்திவிட்டார்கள். இந்த மாதத்தோடு சரி. கையில் இருக்கிற வண்டிகளுக்குத் தள்ளுபடி தருவார்கள்.

இர்மா போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். குனிந்து அந்தக் கால்களிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பொத்தானையும் நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டது அடியிலிருந்து குரல்.

"எல்லாத்தையும்தான்."

"அது ஒண்ணாவது நல்லதாப் போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான், போன் வந்ததிலிருந்து தான் பயந்தது போல மனசு அப்படி ஒன்றும் உடைந்துபோகவில்லை என்று கண்டுகொண்டாள். வீடு சொந்தம், பட்டறை சொந்தம். லியோவின் கைக்கு எந்தக் காரும் வேலை கொடுக்கும்.

ஆனால் ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ரேடியோவில் செய்தி வந்த மறுநாளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக மூடி போட்ட பாத்திரங்களோடு வந்தார்கள். நூடுல்ஸும் கோழியும் போட்டுச் சுட்டது, உருளைக்கிழங்கு, ஆப்பிள் பை. இழவு வீட்டுக்குக் கொண்டுவருவது போல.

"யாரும் சாகலைங்க," என்று சொல்லிச் சொல்லி இர்மாவுக்கு வாய் வலித்தது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த வாரம் அடுப்பே பற்றவைக்கவில்லை.

சாப்பாடு வந்தது, காரை வாங்கத்தான் ஆள் வரவில்லை. ஷோரூமில் மூன்று வண்டிகள் நின்றன. தள்ளுபடியைக் கேட்டுவிட்டு எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செய்த கம்பெனியே கைவிட்ட அனாதை வண்டியை எவன் வாங்குவான்?

டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, கன்னர் ஹாவ்லி மாட்டுக் கொட்டகை பூட்ஸோடு வந்தார். கூட பெர்ட்டாவும் வந்தாள். திறப்பு விழா இல்லாத நாளில் அவர் அந்த வாசலில் கால் வைத்ததே இல்லை.

"ஏம்மா, கேள்விப்பட்டது நெசந்தானா? அடுத்த வருஷம் புதுசு வராதா?"

"வராது, கன்னர்."

"அதுக்கு அடுத்த வருஷம்?"

"எப்பவுமே வராது. இதான் கடைசி."

அவர் பட்டறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "லியோ, பார்ட்ஸ் கிடைக்குமா?"

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் கிடைக்கும்," என்றன கால்கள்.

கன்னர் மூன்றில் பச்சை நிறத்தில் இருந்த வண்டியிடம் போனார். கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவினார்.

"சரி. இதை எடுத்துக்கறேன்."

பெர்ட்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இத்தனை வருஷம் வேண்டாம்னுட்டு, செத்த காரை வாங்கறீங்களா? உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா?"

"செத்ததுனாலதான் வாங்கறேன்." அவர் இர்மாவைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. "நாப்பத்தாறுலயே வாங்கத்தான் வந்தேம்மா. பணம் கோட்டுப் பையில இருந்துச்சு. நீங்க சொன்னீங்க, போன வருஷத்து வண்டி இது பக்கத்துல தாத்தா மாதிரின்னு. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அப்ப நான் இன்னைக்கு வாங்கற வண்டியை, அடுத்த அக்டோபர்ல இதே இடத்துல நின்னு தாத்தாம்பீங்க. நான் ஒரு பொருள் வாங்கினா அது பொருளா இருக்கணும். வருஷா வருஷம் பழசாக்கிட்டே இருந்தா, மனுஷன் எந்த வருஷம்தான் வாங்கறது? இனிமே இதை யாரும் தாத்தான்னு சொல்ல முடியாதில்ல."

இர்மா அவரை வெறித்துப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கார் விற்ற அதே வாக்கியம், இந்த ஒரு மனிதரை இத்தனை வருஷம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெர்ட்டாவுக்கும் தொற்றிக்கொண்டது. லியோ அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கையில் ஸ்பேனரோடு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை," என்றாள் இர்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் வாயை மூடிக்கிட்டிருந்தா நாப்பத்தாறுலயே ஒரு கார் வித்திருப்பேன்."

பச்சை வண்டியை பெர்ட்டாதான் ஓட்டிக்கொண்டு போனாள். கன்னர் பிக்கப்பில் பின்னாலேயே போனார், புதுசில் சேறு தெறிக்காத தூரம் விட்டு.

ஆனால் இர்மா விற்கப் பிறந்தவள். மறுநாளே உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுத்தாள்: 'கடைசி ஆல்டன். அடுத்த வருஷம் இதைப் பழசாக்க எதுவும் வராது. இன்னும் இரண்டே இருக்கின்றன.' சனிக்கிழமை பேக்கரிக்காரர் ஷ்டால் ஓடிவந்தார். மச்சானிடம் இருப்பது எல்லோரிடமும் இருக்கிறதாம். இது யாரிடமும் இருக்காதாம். மற்றதைக் கிறிஸ்துமஸுக்கு முன் பல் டாக்டர் தன் மகளுக்காக வாங்கிப்போனார்.

காலி ஷோரூமை என்ன செய்வது என்று குளிர்காலம் முழுவதும் பேசினார்கள். வசந்தத்தில் லியோ நடுச்சுவரை இடித்துப் பட்டறையை முன்பக்கம் வரை இழுத்துவிட்டான். இப்போது அவனுக்குத் தெருவிலிருந்து வெளிச்சம் வந்தது. இர்மா மூலையில் ஒரு மேஜை போட்டு ஊராருக்கு வீடு விற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். அதற்கான லைசென்ஸ் பரீட்சையில் முதல் முறையிலேயே தேறிவிட்டிருந்தாள்.

அக்டோபர் வந்தது. ஏஜென்சி எடுத்ததிலிருந்து அந்த மாதத்தில் அவர்கள் ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. அந்த வருஷம் வடக்கே சுப்பீரியர் ஏரிக்குப் போய் ஒரு வாரம் தங்கினார்கள். மேப்பிள் இலைகள் சிவந்து தண்ணீர்வரை இறங்கி நின்றன. இத்தனை வருஷமும் இந்த நேரத்தில் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று இர்மா கேட்டாள். இருந்திருக்கும் என்றான் லியோ. மோட்டலில் கொடுக்கிற காபி மட்டும் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கிறது என்று புலம்பிக்கொண்டே இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டான். அவள் காலணியைக் கழற்றிவிட்டு, கூழாங்கற்கள் மேல் கால் நீட்டி உட்கார்ந்து, குளிர் தாங்கமுடியாமல் போகும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.