வெட்டாமல் விட்ட புல்

கினு பேருந்தை விட்டு இறங்கியபோதே மருந்து வாடை மூக்கில் ஏறியது. ஜூலை மாதத்தில் ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த இவாகி மலையடிவாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் யாராவது மருந்தடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் தோட்டத்துக்குள் திரும்பியதும்தான் கால் நின்றுவிட்டது.

முழங்கால் உயரம் நின்ற புல்லைக் காணோம். வெள்ளைப் பூ விட்டிருந்த தீவனப்புல்லும் போய்விட்டது. தரை மொட்டையடித்துக் கிடந்தது. ஆப்பிள் மரங்களின் இலையெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நடு வரிசை மரத்தடியில் ஆறேழு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் மருந்துக் கூட்டுக்காரர்கள். அவர்களுக்குத் தலைவரான சோமா அவளைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும் அண்ணி. உங்களக் கேக்காமயே செஞ்சிட்டோம். கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னு தெரியும்."

"தோகு அண்ணன் ஆஸ்பத்திரில கெடக்கறப்போ தோட்டம் இப்படிக் காடாக் கெடந்தா, போறவன் வர்றவன் எங்க மூஞ்சியிலதான காறித் துப்புவான்?" என்றார் பக்கத்தில் இருந்த யோசாகு. "ஆனாலும் அண்ணி, என்னா புல்லு. ரெண்டு பாம்பு, ஒரு மொசக்குட்டி, நான் எப்பவோ தொலைச்ச சுத்தியல், எல்லாம் உள்ளதான் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கினு இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள்.

வேறென்ன செய்வது? ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால், அந்த வீட்டுத் தோட்டத்துக்குக் கூட்டு இறங்கி வேலை செய்துவிட்டுப் போகும். அதற்குக் கூலி கிடையாது, கேள்வி கிடையாது. ஆனால் அவள் கணவன் தோகுஜி கூட்டை விட்டு விலகி ஆறு வருஷமாகிறது. எல்லார் தோட்டத்துக்கும் ஒரே நாளில், ஒரே மருந்தை, ஒரே வண்டியில் அடிப்பதுதான் கூட்டு. எந்த மருந்தும் கொஞ்ச நாளில் இலைச் சாற்றை உறிஞ்சுகிற செம்பேனுக்குப் பழகிப்போகிறது, செம்பேனைத் தின்கிற நல்ல பேன்தான் செத்துப்போகிறது என்று தோகுஜி கூட்டத்தில் எழுந்து சொன்னான். அந்த நல்ல பேனுக்குத் தங்க இடம் வேண்டும், மரத்தடிப் புல்லை விட்டுவைப்போம் என்றான். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. "எல்லாரும் ஆப்பிள் போடறோம், நீ பேன் பண்ணை வை" என்று சோமாதான் எல்லார் முன்னாலும் சொன்னார். இருவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். அன்றைக்கு நின்ற பேச்சு அப்படியே நின்றது.

முதல் மூன்று வருஷம் பட்ட பாடு கினுவுக்குத்தான் தெரியும். இலையெல்லாம் பழுப்பேறி, பழம் நிறம் பிடிக்காமல், ஊரே வேடிக்கை பார்த்தது. தோகுஜி பிடிவாதமாகப் புல்லை நிற்கவிட்டான். நாலாம் வருஷம் இலை பச்சையாக நின்றது. இந்த வருஷம், அவன் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன வருஷம், தோட்டம் அவ்வளவு பச்சை.

ஹிரோசாகி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவள் சாப்பாட்டு டப்பாவில் நாலைந்து இலைகளை வைத்து எடுத்துப்போவாள். அவன் படுத்தபடியே லென்ஸை வைத்து இலையின் பின்பக்கத்தைப் பார்ப்பான். கண்ணாடி மாதிரி வெளுத்த சின்னப் பூச்சி, அந்த நல்ல பேன், விறுவிறுவென்று ஓடினால் முகம் மலர்ந்துவிடும். "ஓடறான் பாரு நம்ம ஆளு" என்பான். அவன் உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பூச்சிதான் என்று கினு நம்பினாள்.

நாளைக்கு எதைக் கொண்டுபோவது?

தோட்டத்தின் கீழ்க் கோடியில், ஓடையோரமாக நாலு மரம் சரிவில் நிற்கிறது. அங்கே மருந்து வண்டி இறங்காது. புல்லும் தப்பியிருந்தது. மறுநாள் காலையில் அங்கிருந்து இலை பறித்து டப்பாவில் வைத்துக்கொண்டாள். புருஷனை ஏமாற்றப் போகிறோமே என்று பஸ் முழுக்க மனசு குத்தியது.

தோகுஜி இலையைப் பார்த்தான். பூச்சி ஓடியது. அவன் சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"உன் சட்டையில என்ன மருந்து வாடை?"

அவளுக்குப் பொய் வரவில்லை. நேற்றுத் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே சட்டை.

"யாரு அடிச்சது?"

"கூட்டுக்காரங்க. புல்லையும் வெட்டிட்டாங்க. ஓடையோரம் மட்டுந்தான் மிச்சம்."

"சோமா வந்தானா?"

"அவருதான் வண்டி ஓட்டுனாரு."

அவன் லென்ஸை இறக்கி வைத்தான். கண்ணோரம் நனைந்திருந்தது. அது எதற்கான கண்ணீர் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"கடைசித் திருப்பத்துல கெளையில இடிச்சானா?"

"ஒரு கெள ஒடஞ்சிருக்கு."

"இடிப்பான். முப்பது வருஷமா அங்க இடிக்கறான், கழுத." அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் வலியும் வந்தது. வலி அடங்கியதும் சொன்னான். "அவன்கிட்ட எதும் சொல்லிடாத கினு. இத்தன வருஷம் கழிச்சி இப்பத்தான் உள்ள வந்திருக்கான்."

"அப்ப நீங்க வளத்ததெல்லாம்?" அவளுக்குக் கோபம் பொங்கியது. "அதுக்காகப் பட்டதெல்லாம்?"

"செத்தது செத்துப்போச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இலையை மட்டும் தலையணை மேலேயே வைக்கச் சொன்னான்.

ஆகஸ்ட் பிறந்ததும் அவன் போய்விட்டான். சாவு வீட்டு வேலை அத்தனையும் கூட்டுக்காரர்கள்தான் பார்த்தார்கள். சோமா வாசலிலேயே நின்று, வந்தவர்களின் செருப்பைக்கூட எடுத்து வைத்தார்.

அதற்குள் தோட்டத்து இலைகள் துருப்பிடித்த மாதிரி பழுத்துவிட்டன. தின்பதற்கு ஆளில்லாமல் செம்பேன் பெருகிக் கிடந்தது. சடங்கெல்லாம் முடிந்த பிறகு சோமா தோட்டத்தைப் பார்க்க வந்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார், இன்னொன்றையும் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அண்ணி, நாங்க வந்து அடிச்சதாலயா இது?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. செருப்பை எடுத்து வைத்த கையைப் பார்த்தாள். "வெயில்" என்றாள். "இந்த வருஷம் வெயில் அதிகம்."

சோமாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப இன்னொரு தடவ கடுமையா அடிச்சிடறோம். ஓடையோரம் அன்னைக்கு வண்டி எறங்கல. அங்க நானே கையால புல்ல வெட்டி, முதுகுல டப்பா மாட்டி அடிச்சித் தரேன். அண்ணனுக்குச் செய்யற கடன் இது."

கினு ஓடைப் பக்கம் பார்த்தாள். மிச்சம் இருப்பதே அங்கேதான். இத்தனை வருஷத்துப் பாட்டில் உயிரோடு இருப்பது அந்த நாலு மரத்தில்தான்.

"அங்க வேணாம்."

"ஏன் அண்ணி?"

பேனைப் பற்றிச் சொன்னால் பழைய கதை. சொல்லாமல் விட்டால் நாளைக்கே அரிவாளோடு வருவார். "அங்கதான் அவரு போய் உக்காருவாரு" என்றாள். "அந்தப் புல்லுலதான் படுத்துக் கெடப்பாரு. அது அப்படியே இருக்கட்டுமே. மருந்தும் வேணாம்."

பொய்யும் இல்லை. லென்ஸும் கையுமாக அவன் குப்புறப் படுத்துக் கிடந்த இடம் அது.

சோமா தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு எலையத் தொடமாட்டோம்" என்றார்.

மறுநாள் அவள் ஓடைக்கு இறங்கியபோது நாலு மரத்தையும் சுற்றிக் கழி நட்டு, கோயில் மரத்துக்குக் கட்டுவதுபோல வைக்கோல் கயிறு கட்டியிருந்தது. புல்லோரம் ஒரு கிண்ணத்தில் படையலாகச் சாகே மது. பக்கத்தில் தோகுஜி பிடிக்கிற சிகரெட். கயிற்றுக்கு உள்ளே புல்லில் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை.

கினு உள்ளே போய் ஓர் இலையைத் திருப்பி லென்ஸை வைத்தாள். வெளுத்த சின்னப் பூச்சி விறுவிறுவென்று ஓடியது. அதைப் பார்த்ததும் அதுவரை வராத அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. தோகுஜி உயிரோடு இருந்து தொண்டை வற்றக் கத்தினானே, அப்போது புல்லை விட்டுவைக்க ஒருத்தனுக்கு மனசு வரவில்லை. இப்போது கயிறு கட்டிக் காவல் போடுகிறார்கள்.

"ஒங்க பேச்சக் கேட்டுட்டாருங்க" என்று புல்லைப் பார்த்துச் சொன்னாள். "சோமா கேட்டுட்டாரு."