எட்டாவது வாய்

கிருபாகரன் வாசிக்காமல் இருப்பதைக் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

தாமோதரன் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் இரண்டு கிடார். ஒன்று கிருபாகரன், இன்னொன்று செல்வின். கல்யாண ரிசப்ஷனில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிருபாகரன் கம்பியிலிருந்து கையை எடுப்பான். அவன் காலடியில் இருக்கும் பெடல்போர்டிலிருந்து ஒரு சத்தமும் வராது. ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கிறவர்கள் கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். போன வாரம் மாப்பிள்ளையின் பெரியப்பா, அதை இன்னொரு தடவை என்று சீட்டு எழுதி அனுப்பினார். கிருபாகரன் இன்னொரு தடவை வாசிக்காமல் இருந்தான்.

செல்வின் கையை எடுத்தால் அவன் போர்டு முனகும். கிடாரின் குரலை மாற்ற, காலால் மிதிக்கும் சின்ன இரும்புப் பெட்டிகள் ஏழு அதில் இருந்தன. ஏழும் சேர்ந்து ம்ம்ம்ம் என்னும். ஒருமுறை மணப்பெண் நாற்காலியை விட்டு எழுந்து வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆவணியிலிருந்து ஒரு கிடார் போதும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை அறையில் இரண்டு பேரும் ஐந்து நிமிடம் வாசிக்காமல் நிற்க வேண்டும். யார் நன்றாக வாசிக்காமல் நிற்கிறாரோ அவருக்கு இடம்.

இடம் போவதுகூட செல்வினுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அது கிருபாகரனிடம் போகும் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏழு பெடலையும் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனான். பெடல்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையைக் கிருபாகரன் வாங்கிய அலுவலகம் அங்கே ஒரு மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறியதும் ஒரு நடை. நடையின் கடைசியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் புவனா மேடம். பத்தடிதான் இருக்கும்.

கிருபாகரனும் இப்படித்தானே நடந்திருப்பான் என்று செல்வின் நினைத்தான். நடை இருபதடி ஆயிற்று. இந்த இடம் அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது, நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னானா என்று நினைத்தான். புவனா மேடம் ஒரு புள்ளி ஆனார். மேசையைத் தொட்டபோது செல்வினின் இடது செருப்பு தேய்ந்து காகிதம் போல் ஆகியிருந்தது.

கிருபாகரன் வந்தபோது நடை எவ்வளவு நீளம் இருந்தது என்று செல்வின் கேட்டான்.

"அது அவரோட நீளம்" என்றார் புவனா மேடம். "முனகல் கொண்டு வந்திருக்கீங்களா?"

முனகல் இருப்பதற்கு அத்தாட்சி இல்லாமல் எதுவும் நடக்காதாம். செல்வின் பழைய அடாப்டரைச் சுவரில் செருகினான். அதிலிருந்து ஏழாகப் பிரியும் ஒரே ஒயரில் ஏழு பெடலையும் மாட்டினான். அவை முனகின. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவன் புறங்கையில் முத்திரை குத்தினார்.

"எல்லாத்தையும் ஒரே பந்தியில உக்கார வெச்சிருக்கீங்க. அடுத்த இலையில என்ன விழுதுன்னு ஒவ்வொண்ணும் பாக்குது. அந்தப் பொருமல்தான் இது."

எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஆறு என்றான். அவர் பெடல்களை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஏழு நாற்காலி போட்டு அவற்றை உட்காரவைத்து விசாரித்தார். வோல்ட் எல்லாருக்கும் ஒன்பதுதான், அதில் பேச்சில்லை. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்கிற மில்லியாம்ப்தான் பசி. பசிக்குக் கூடுதலாக வைக்கலாம், குறைத்து வைக்கக் கூடாது என்றார்.

டிஸ்டார்ஷன் பெடல் கரகரத்த குரலில் பத்து என்றது. கோரஸ் இருபது என்றபோது இரண்டு பேர் சொன்ன மாதிரி இருந்தது. டிலே அறுபத்தைந்து என்றது. அடுத்த பெடலை விசாரிக்கும்போதும் சன்னமாக அறுபத்தைந்து, அறுபத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரிவெர்ப் மாதா கோயிலுக்குள்ளிருந்து பேசுவது போல முந்நூறு என்றது. மற்ற ஆறும் அதைத் திரும்பிப் பார்த்தன.

அலமாரியில் இரண்டு பவர் சப்ளை இருந்தன. ஒன்றுக்கு ஒயர் செருகப் பத்து வாய். இன்னொன்றுக்கு எட்டு.

கிருபாகரன் எதை எடுத்தான் என்று செல்வின் கேட்டான். அதைச் சொல்வதற்கில்லை என்றார். அவன் எடுத்ததையே கொடுங்கள் என்றான்.

"அவர் பசி வேற, உங்க பசி வேற."

அப்படியானால் பத்து வாய் அவனிடம் இருக்காது என்று செல்வினுக்குத் தோன்றியது. அதன் மேல் கை வைத்தான். புவனா மேடம் அதைத் திருப்பி மூடியைக் கழற்றிக் காட்டினார். பத்து வாயிலிருந்தும் வந்த ஒயர்கள் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன.

"வெளியில பத்து வாய். உள்ள ஒரே வயிறு. மறுபடியும் பந்திதான்."

எட்டு வாய்ப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. ஒருவர் சாப்பிடுவது இன்னொருவருக்குத் தெரியாது. ஆறு வாய் நூறு நூறு மில்லியாம்ப். இரண்டு வாய் ஐந்நூறு. ஆறு பெடலுக்கு ஆறு நூறு, ரிவெர்ப்புக்கு ஓர் ஐந்நூறு என்று செல்வின் கணக்குப் போட்டான். ஒரு வாய் மிச்சம் இருந்தது.

புவனா மேடம் அவன் கட்டைவிரலைக் கேட்டார். அதில் ஒரு கிளிப்பை மாட்டி மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நானூத்திப் பத்து. ரிவெர்ப்பைத் தாண்டிட்டீங்க. எட்டாவது உங்களுக்குத்தான்."

ஒவ்வொரு வாய்க்குக் கீழும் சீட்டு ஒட்டினார். எட்டாவதன் கீழே 'கிருபாகரன், 410' என்று எழுதினார். சரியான வாயில் மாட்டிக்கொண்டால் அந்தப் பசியும் முனகாது என்றார். ஒரே நிபந்தனைதான், அடுத்த இலையை எட்டிப் பார்க்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கையில் ஸ்டாப் வாட்சோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். செல்வின் ஏழு பெடலையும் மாட்டி, எட்டாவது ஒயரைக் கட்டைவிரலில் கிளிப் போட்டுக்கொண்டான். பக்கத்தில் கிருபாகரன். இரண்டு பேரும் கம்பியிலிருந்து கையை எடுத்தார்கள்.

சத்தமே இல்லை. ஏழு பெடலும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டன. இரண்டாவது நிமிடத்தில் மாஸ்டரின் கண் கலங்கியது. அவர் செல்வினைப் பார்த்துத்தான் தலையாட்டினார். மூன்றாவது நிமிடத்தில் ஸ்டூலை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டார். செல்வினுக்கு உடம்பு லேசாக இருந்தது.

நான்காவது நிமிடத்தில் கிருபாகரனும் கட்டைவிரலில் ஒரு கிளிப் போட்டிருப்பதைப் பார்த்தான். கூடாது என்று தெரிந்தேதான் குனிந்தான். அங்கேயும் எட்டு வாய்ப் பெட்டிதான். எட்டாவது வாயின் கீழே புவனா மேடத்தின் கையெழுத்து: 'செல்வின், 480.'

கிருபாகரன் அவன் குனிந்ததைக் கவனித்துவிட்டான்.

"உன் போர்டு உன்கிட்ட ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கும்டா. என்னுது ஒரு நாள்கூட என்கிட்ட பேசுனதில்ல" என்றான் தணிந்த குரலில்.

செல்வினுக்கு அது காதில் விழவில்லை. நானூற்று எண்பது. எழுபது அதிகம்.

ம்ம்ம்ம் என்று தொடங்கியது.

மாஸ்டர் பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ஏழையும் கழற்றிய பிறகும் முனகல் நிற்கவில்லை. கடைசியில் செல்வினின் நெஞ்சில் காதை வைத்தார்.

"பெட்டி நல்ல பெட்டிதான்ப்பா" என்றார். "ஆவணிக்குக் கிருபா வரட்டும்."

செல்வின் ஒயரைச் சுருட்டினான். பெடல்களைப் பையில் போட்டான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து கிருபாகரன் பக்கத்தில் நின்றான்.

"நானூத்தி எம்பதுன்னு போட்டிருக்கே, அது சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றான் கிருபாகரன்.

செல்வினுக்கு எடுத்தது சாப்பாட்டுக்குப் பின்னாடி. பையைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமல் எடுத்திருந்தால் எத்தனை வந்திருக்கும் என்று கணக்குப் போட அங்கேயே உட்கார்ந்தான்.