செயின் வாங்கிக்கொள்ளாதது

அக்கா, நீ இந்நேரம் தூங்கியிருப்பாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் கை நசுங்கியதற்குக் காரணம் நான்தான். அவனைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

மத்தியானம் அப்பா ஒரு லாரியின் இன்ஜினைக் கழற்றி, கீழே ஒர்க்‌ஷாப்பில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கவிட்டிருந்தார். நானூறு கிலோ. இடுப்பு உயரத்தில் தொங்கியது. போல்ட் வாங்கக் கடைக்குக் கிளம்பும்போது, "தொங்கறதுகிட்ட யாரும் போகக்கூடாது" என்று எப்போதும்போல் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சுவரோரம் இரும்பு மேசையில் அண்ணன் பிஸ்டன் துடைத்துக்கொண்டிருந்தான். நான் டீ கொண்டுபோனேன். கையில் இயற்பியல் புத்தகம். நாளை மறுநாள் பரீட்சை.

"நிறைன்னா என்ன, எடைன்னா என்ன, சொல்லு பாப்போம்" என்று வம்பிழுத்தான்.

"ஒரு பொருள்ல எவ்வளவு பருப்பொருள் இருக்கோ அது நிறை. பூமி அதை இழுக்கற விசை எடை."

"கிளிப்பிள்ளை. புரிஞ்சுதா?"

"எங்க புரிஞ்சுது? ரெண்டையும் கிலோலதானே சொல்றோம், அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?"

"என்னைப் போய் கேக்கறியே. நான் பத்தாவதையே மூணு தடவை எழுதினவன்."

சிரித்துக்கொண்டே இன்ஜின் மேல் ஒரு விரலை வைத்துத் தள்ளினேன். முதலில் அசையவே இல்லை. விடாமல் அழுத்தினேன். மெதுவாக, மனசில்லாமல் வருவது போல நகர்ந்தது.

"பாருண்ணா, நானூறு கிலோ, ஒத்தை விரல். எடையெல்லாம் செயின் வாங்கிக்கிச்சு. இதுல இனி ஒண்ணுமே இல்ல."

"பெரிய பயில்வான். விடுடீ, அப்பா பாத்தா தோலை உரிச்சிடுவாரு."

நான் விடவில்லை. திரும்பி வரும்போதெல்லாம், ஊஞ்சலை ஆட்டுவது போல இன்னும் கொஞ்சம் தள்ளினேன். ஒரு தடவை அது மேசைப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே போனது. துடைத்து வைத்த பிஸ்டன்கள் விளிம்பில் இருந்தன.

"அண்ணா, பிடி" என்றேன், பந்தைப் பிடிக்கச் சொல்வது போல.

அவனும் யோசிக்காமல் இன்ஜினைத் தடுக்கக் கையை நீட்டினான். நாம் நடக்கிற வேகம்கூட இல்லை அக்கா. ஆனால் அது நிற்கவில்லை. அவன் கையையும் சேர்த்துக்கொண்டு மேசை விளிம்பு வரைக்கும் போனது.

அப்பா ஓடிவந்தபோது, "செயின் வழுக்கிடுச்சுப்பா" என்றான். வண்டியில் ஏறும்போது என் காதருகே, "நீ வாயைத் திறக்காத" என்றான்.

இரண்டு விரல்கள். அவற்றைக் காப்பாற்ற முடியுமா என்று காலையில்தான் டாக்டர் சொல்வாராம். அம்மா அவனோடு இருக்கிறாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. செயின் அறுந்துபோகவில்லை, கொக்கி நழுவவில்லை. எடை மொத்தமும் செயினில்தான் இருந்தது. அவன் கைமேல் கால் கிலோகூட விழவில்லை. அப்படியென்றால் அவன் கையை நசுக்கியது எது? நிலவுக்குப் போனாலும் நிறை மாறாது என்கிறது புத்தகம். நிலவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

என் விரலுக்குக் கீழே அது முதலில் அசையாமல் நின்றதே, அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. கிளம்பவே அவ்வளவு அடம் பிடித்தது, நிற்க மட்டும் சுலபமாகச் சம்மதிக்குமா? எடையைச் செயின் வாங்கிக்கொண்டது. அந்த அடத்தை வாங்கிக்கொள்ளவில்லை போல. அதைத்தான் நிறை என்கிறார்களா? சரியாகச் சொல்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை.

கீழே சத்தம் கேட்கிறது. அப்பா இன்னும் சாப்பிடவில்லை. இன்ஜினைத் தரையில் இறக்கிவிட்டு, டார்ச்சை வைத்துக்கொண்டு செயினின் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்துப் பார்க்கிறார். "என் கையாலதானே மாட்டினேன். எதையோ பாக்காம விட்டுட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். எதுவும் கிடைக்காது. கடைசிக் கண்ணி வரைக்கும் ஒரு தடவை பார்த்தாயிற்று. இப்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

நான் கீழே போகிறேன் அக்கா. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "செயின் நல்லாத்தான் இருக்குப்பா" என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.