மூன்று மாத்திரை

காகிதக் கிண்ணத்தில் மூன்று பிரஷர் மாத்திரைகளோடு நர்ஸ் வந்து நின்றதும் லிஃப்ட் மெக்கானிக் அவற்றை மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட மனைவி, மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

வீட்டில் அவள் மூன்று சாப்பிட்டதே இல்லை. டாக்டர் முதலில் எழுதியது ஒன்று. மாசக் கடைசியில் கையைக் கடித்ததால் இவர் அதைப் பாதியாக வெட்டினார். பிரஷர் பின்னே எப்படி இறங்கும்? டாக்டர் இரண்டாக்கினார், இவர் ஒன்றாக்கினார். டாக்டர் மூன்றாக்கினார், இவர் ஒன்றரையோடு நின்றுகொண்டார்.

அவருக்கும் பிரஷர்தான். அதே மாத்திரை, தினம் ஒன்று. அதை மட்டும் பிளேடு தொடவில்லை. லிஃப்ட் குழிக்கு மேலே தொங்கி வேலை பார்க்கிறவன் விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். நல்ல நியாயம்! அப்படியும் இரண்டு வாரமாக எழுந்தால் தலை கிர்ரென்று சுற்றுகிறது. நேற்று எட்டாவது மாடியில் கம்பியைப் பிடித்ததால் பிழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவருடைய வார மாத்திரை டப்பாவையும் நிரப்புவது அவர். தினமும் காலையில் எடுத்துக் கையில் கொடுப்பது அவள். இவர் என்ன ஏதென்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வார்.

"வாயைத் திறங்கம்மா," என்றாள் நர்ஸ்.

"சிஸ்டர், குடுக்காதீங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மானம் போனால் போகட்டும், ஆள் மிஞ்சினால் போதும். "அவ மூணு சாப்பிட்டதே இல்ல. ஒன்றரைதான். நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

நர்ஸ் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். "நல்ல காரியம் பண்ணீங்க போங்க! மூணும் ஒண்ணா உள்ள போயிருந்தா பிரஷர் தடாலுன்னு இறங்கியிருக்கும்."

மனைவி அவரையே பார்த்தாள். "என்னுதையா வெட்டினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒன்றரையும் இல்ல சிஸ்டர்," என்றாள் அவள். "பாதிதான். இவரு பிளேடும் கையுமா உக்காந்திருந்ததைப் பார்த்தேன். டப்பாவுல எனக்கு ஒன்றரை, இவருக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்காகத் தன்னுதைக் குறைச்சுக்கிறாருன்னு நெனச்சேன். அதான் ரெண்டு வாரமா என்னுதுல ஒண்ணை இவரு கையில சேர்த்துப் போட்டேன்."

நர்ஸ் நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்து, பிரஷர் பட்டையை அவர் கையில் சுற்றினாள். பட்டை இறுகியது. மனைவி ஒடியாத கையை அவர் பக்கம் நீட்டினாள். அதைப் பிடிக்க அவருக்குக் கை எழவில்லை.